கோஸுக்குப் பயந்து பட்டாளம்

இந்த வருஷம் மாமியார் வீட்டுப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை என்று தோக்சு சபதம் செய்தார். வேறு மாதத்தில் செய்திருந்தால் அது சின்ன சபதம். நவம்பரில் செய்ததால் பெரிய சபதம்.

கொரியாவில் நவம்பர் கடைசி என்றால் கிம்ஜாங். குளிர்காலம் முழுவதற்குமான கிம்ச்சியை, அதாவது கோஸ் ஊறுகாயை, குடும்பமே கூடி ஒரே மூச்சில் போட்டு வைக்கிற திருவிழா. திருவிழா என்பது அவர் மனைவி மிரானின் சொல். தோக்சுவின் இடுப்பு அதற்கு வேறு சொல் வைத்திருந்தது. போன வருஷம் நூற்றெண்பது கோஸ். வெட்டி, உப்பில் ஊறவைத்து, அலசி, இலைக்கு இலை மிளகாய் விழுது பூசி முடித்தபோது அவரால் நிமிர முடியவில்லை. மூன்று நாள் நிமிர முடியவில்லை. மாமியாருக்கு மட்டும் மனம் குளிர்ந்துவிட்டது. "மாப்ளைக்கு நல்ல கை. அடுத்த வருஷம் எரநூறா போட்ருவோம்" என்றார்.

இதே தோக்சு பதினோரு வருஷத்துக்கு முன்னால் ராணுவத்தில் சார்ஜெண்ட். அவர் இருமினால் நாற்பது பேர் விறைத்து நிற்பார்கள். இப்போது வீட்டில் இருமினால் மாத்திரை வருகிறது. நாற்பத்தேழு வயதில் ஒரு மனிதன் இதற்கு மேல் சரிய இடமில்லை என்று நினைக்கும்போதெல்லாம் அவர் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொள்வார். அப்படித் தாழிட்டுக்கொண்ட ஒரு நாள், கைபேசியில் ரிசர்வ் படைக்கு விண்ணப்பம் போட்டார். பதினைந்து நாள் முகாம். தேதியைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்.

சாப்பாட்டு மேஜையில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஆரம்பித்தார்.

"மிரான், மேலிடத்து உத்தரவு வந்துடுச்சு. முகாமுக்குப் போயாகணும். பதினஞ்சு நாள்."

"ஐயையோ! எப்போங்க?"

"இருபத்தஞ்சாம் தேதி."

"அன்னைக்குத்தானே அம்மா வீட்ல..."

"அதை நெனச்சாத்தான் நெஞ்சே வெடிக்குது. என்ன பண்றது, நாடு கூப்பிடுது."

"நாப்பத்தேழு வயசுக்காரரையா? நாட்டுக்கு வேற ஆளே கெடைக்கலையா?"

"அனுபவத்தைத் தேடி வந்திருக்குடி."

மிரான் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரிங்க, நாடுதான் முக்கியம். கோஸ் எங்க ஓடிப் போயிடப்போகுது?"

இத்தனை சுலபமாக முடிந்ததில் அவருக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

மறுநாள் அலமாரி அடித்தட்டிலிருந்து பழைய சீருடை வெளியே வந்தது. கால்சட்டை தொடைவரை விசுவாசமாக ஏறியது. அதற்கு மேல் ராஜினாமா செய்துவிட்டது.

"மூச்சை உள்ள இழுங்க."

"இழுத்தாச்சு."

"இன்னும் கொஞ்சம்."

"இதுக்கு மேல இழுத்தா இங்கயே தியாகி ஆயிடுவேன்."

"விடுங்க, விடுங்க! எதிரி உங்களைச் சுடவே மாட்டான். சிரிச்சே செத்துருவான்."

கண்ணாடியில் தெரிந்த ஆளைப் பார்த்து தோக்சுவுக்கு நிஜமாகவே அழுகை வந்தது. மிரான் பழைய சோபா உறையில் ஒரு துண்டு வெட்டி இடுப்பில் ஒட்டுப் போட்டுக் கொடுத்தாள். மூட்டையையும் அவளே கட்டினாள். கம்பளிக் காலுறை நாலு ஜோடி. இடுப்பு வலிக்கு முப்பது பிளாஸ்திரி. சிவப்பு ரப்பர் கையுறை இரண்டு ஜோடி.

"கையுறை எதுக்குடி?"

"குளிருங்க. துப்பாக்கி சில்லுன்னு இருக்கும்."

"அதுக்கு முழங்கை வரைக்குமா?"

"பெரிய துப்பாக்கியா இருந்துட்டா?"

பட்டாளத்தைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும் என்று பரிதாபப்பட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

முகாமில் அவருக்கு மகனாகிற வயதில் ஒரு கேப்டன் பட்டியலை வாசித்தார்.

"சார்ஜெண்ட் தோக்சு! உங்களை நம்ம ஊர் மகளிர் ரிசர்வ் படைக்கு உதவியா போட்டிருக்கு. முகாமுக்கும், தனியா இருக்கிற பெரியவங்களுக்கும் வருஷா வருஷம் அவங்கதான் கிம்ச்சி போடுறாங்க. பின்பக்க மைதானத்துக்குப் போங்க."

பின்பக்கம் மைதானம் தெரியவில்லை. கோஸ்தான் தெரிந்தது. இரண்டாயிரம். அதன் முன்னால் சீருடையில் நாற்பது பெண்கள் சளசளவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய தலைவி லேசாக இருமினாள். நாற்பது பேரும் விறைத்து நின்றார்கள். பழக்கதோஷம், தோக்சுவும் விறைத்து நின்றார். தலைவி திரும்பினாள். மிரான். சீருடை தைத்துப் போட்டது மாதிரி இருந்தது.

"நீ... நீ எப்படி இங்க?"

"ஆறு மாசமா வியாழக்கிழமையானா வந்துட்டுதானே இருக்கேன். சொன்னப்போல்லாம் டிவியைப் பாத்துக்கிட்டு 'ம்ம்' கொட்டினீங்களே."

"ஆனா எனக்கு மேலிடத்து உத்தரவு..."

"தாமா விரும்பி வந்தவங்க பட்டியல்ல மொதப் பேரே உங்களுதுதான். நல்ல கைன்னு சொல்லி நானே கேட்டு வாங்கினேன்."

தோக்சு மூட்டையை அவிழ்த்துக் கையுறையை மாட்டினார். முழங்கை வரை கச்சிதமாக இருந்தது. முதல் கோஸைத் தூக்கியபோதே இடுப்பு முனகியது. வாழ்க்கையில் இனி ஒன்றுமில்லை என்று பட்டது. போகட்டும், மாமியார் வீட்டு இருநூறு கோஸிலிருந்தாவது தப்பித்தோமே என்று அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

மிரான் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"கவலைப்படாதீங்க. மாப்ளை இல்லாம கிம்ஜாங்கான்னு அம்மா தேதியைத் தள்ளி வெச்சுட்டாங்க. நீங்க திரும்பி வர்றதுக்குள்ள கையும் நல்லாப் பழகிடும்ல, அதனால முந்நூறா வாங்கிட்டாங்க."