பூஜ்யத் தண்ணீர்

பொதுமக்கள் அனைவரின் மேலான கவனத்திற்கு: தண்ணீர் என்ற ஒன்று தோன்றிய நாள்முதல் எவரும் கண்டிராத அதிசயமாக, ஒரு கிணற்றில் நைட்ரேட் 'இல்லவே இல்லை' என்பதைவிடக் குறைவாக இருப்பது கண்டறியப்பட்டது. கிணறு எண் ஒன்பது. அளவு, மைனஸ் நான்கு.

இதைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தவர், நிலத்தடி நீர் நைட்ரேட் கண்காணிப்பு வலையமைப்பின் ஒருங்கிணைப்பாளர். வலையமைப்பு என்றால் முப்பத்திரண்டு கிணறுகள். ஒரு கிணற்றுக்கும் இன்னொரு கிணற்றுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. தாங்கள் ஒருங்கிணைக்கப்பட்டிருப்பது அவற்றுக்குத் தெரியவும் தெரியாது. வயலில் கொட்டிய உரம் மழையோடு இறங்கி எந்தக் கிணற்றில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளந்து, ஐம்பதைத் தாண்டினால் 'குடிக்காதீர்கள்' என்று சொல்வது அவர் வேலை.

"மைனஸ் நாலுன்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டார்.

"அப்படி ஒண்ணு கிடையாதுன்னு அர்த்தம்" என்றார் ஆய்வகத்து அம்மாள். இருபது வருடம் பாட்டில்களோடு குடித்தனம் நடத்தியதில், மனிதர்களிடமும் மூடி திறப்பதுபோல்தான் பேசுவார். "இதே மாதிரி இன்னும் நாலு கிணறு இருக்கு சார். இருக்கறதுலயே அதிகம் பதினாலாம் நம்பர். முப்பத்தொண்ணு."

பதினாலு என்றதும் ஒருங்கிணைப்பாளர் உட்கார்ந்துவிட்டார். அது அவருடைய மனைவியின் தங்கை வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கிணறு. நினைத்த நேரத்தில் போன் அடித்தது.

"அத்தான், டெஸ்ட் என்னாச்சு? பாப்பாவுக்கு அந்தத் தண்ணியில பால் பவுடர் கலக்கலாமா, கூடாதா? கடையில இருந்து கேன் தூக்கித் தூக்கி உங்க சகலைக்கு முதுகே போச்சு."

பாப்பாவுக்கு மூன்று மாதம். நைட்ரேட் அதிகமான தண்ணீர் கைக்குழந்தையின் ரத்தத்தில் பிராணவாயு ஏறவிடாது. உடம்பு நீலம் பாரித்துவிடும். கொதிக்கவைத்தாலும் அது போகாது. இதெல்லாம் அவருக்கு நன்றாகத் தெரியும். எனவே, தெரிந்தவர்கள் சொல்வதைச் சொன்னார்.

"ஆய்வு நிலையில் இருக்கும்மா."

"போன மாசமும் அங்கேதான் இருந்துது."

அவர் போனை வைத்துவிட்டு, இயந்திரத்தைக் குற்றவாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"மெஷின்ல தப்பில்ல சார்" என்றார் அம்மாள். "அளக்கறதுக்கு முன்னாடி அதுக்குப் பூஜ்யத் தண்ணியைக் காட்டுவோம். நைட்ரேட் துளிகூட இல்லாத தண்ணி. இதுதான் பூஜ்யம்னு அது மனசுல வச்சுக்கும். கெட்ட தண்ணியைக் காட்டினா அதையும் பூஜ்யம்னு நம்பிடும். அப்புறம் நல்ல தண்ணியெல்லாம் அதுக்குக் கீழே போயிடும்."

"பூஜ்யத் தண்ணி தலைமை ஆய்வகத்துல இருந்து வருது. அங்கே என்னைவிடப் பெரியவங்க இருக்காங்க."

"அது தண்ணிக்குத் தெரியாதே."

ஆனாலும் ஒருங்கிணைப்பாளர் பிடிவாதக்காரர் அல்ல. பழைய கேனைக் கொட்டிவிட்டு, தலைமை ஆய்வகத்திலிருந்து முழுக் கேன் புதிதாகக் கொண்டுவரும்படி ஓட்டுநருக்கு மூன்று பிரதிகளில் உத்தரவு எழுதினார். ஓட்டுநர் மதியச் சாப்பாட்டுக்குள் கேனோடு திரும்பிவிட்டார். அவருடைய சுறுசுறுப்பைப் பாராட்டி நான்காவதாக ஒரு குறிப்பு எழுதப்பட்டது.

புதுத் தண்ணீரைக் காட்டி, ஒரு வாரத்தில் எல்லாக் கிணறுகளையும் மறுபடி அளந்தார்கள். ஒன்பதாம் எண் மைனஸ் முப்பத்தைந்துக்குப் போயிருந்தது. மற்றவையும் அதன் பின்னாலேயே வரிசையாக இறங்கியிருந்தன. முப்பத்தொரு கிணறுகள் மைனஸில். பதினாலு மட்டும் பூஜ்யம். இரண்டாம் தடவையும் பூஜ்யம். பத்தாம் தடவையும், தசமத்துக்குப் பிறகுகூடப் பூஜ்யம்.

"ஒரு வாரத்துல முப்பத்தொண்ணு எங்கே சார் போச்சு?" என்றார் அம்மாள்.

"நம்ம வலையமைப்போட தாக்கம்" என்றார் ஒருங்கிணைப்பாளர். அவர் முகத்தில் ஒளி வந்துவிட்டது. "யோசிச்சுப் பாருங்க. முப்பத்தொரு கிணறு பொய் சொல்லுது. நம்பற மாதிரி பேசறது ஒண்ணே ஒண்ணுதான்."

முப்பத்தொரு கிணறுகளையும் 'கருவிக் கோளாறு' என்று அடித்துவிட்டு அறிக்கை எழுதினார். 'ஏற்கத்தக்க கிணறுகளில் நூறு சதவீதம் மாசற்றவை.' இயக்குநர் அதை இரண்டு தடவை படித்தார். இரண்டாம் தடவை, தன் பதவி உயர்வை மனதில் வைத்துக்கொண்டு. பதினாலாம் கிணற்றுக்கு 'மாதிரிக் கிணறு' என்று பலகை வைக்க முடிவாயிற்று. அங்கேயே எல்லார் எதிரிலும் அளந்து காட்டுவதென்றும்.

வீட்டில் மனைவி விடவில்லை. "என்னங்க, குழந்தை விஷயம். தண்ணி நல்லதா இல்லையா, வாயைத் திறந்து சொல்லுங்க."

"நான் சொல்லி இதுவரைக்கும் ஏதாவது தப்பாப் போயிருக்கா?"

"நீங்க எதையுமே சொன்னதில்லையே."

அது உண்மையாக இருந்ததால் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. போனை எடுத்தார். "கலக்கலாம்மா" என்றார். அவருடைய பணிக்காலத்திலேயே 'ஆய்வு நிலை' இல்லாமல் வெளிவந்த முதல் வாக்கியம் அது.

"நாளைக்கு என் கண்ணு முன்னாடி அளந்து காட்டுங்க அத்தான். அப்புறம்தான் பாட்டிலைப் பாப்பா வாயில வைப்பேன்."

"என் மேல நம்பிக்கை இல்லையா?"

"இருக்கு. அதுக்காகத்தான் மூணு மாசமாக் கேன் வாங்கறோம்."

மறுநாள் காலை இயக்குநர் பலகையைத் திறந்துவைத்து, இருபத்திரண்டு நிமிடம் தூய்மையைப் பற்றிப் பேசினார். பிறகு கிணற்றுத் தண்ணீரை ஒரு டம்ளர் நிறையக் குடித்துவிட்டு, கண்ணை மூடினார்.

"பூஜ்யத்துக்கே ஒரு ருசி இருக்கு" என்றார்.

ஒருங்கிணைப்பாளரும் ஒரு டம்ளர் குடித்து, அதே ருசியை உணர்ந்தார்.

மைத்துனி தோளில் வீறிட்டழும் குழந்தையோடு நின்றாள். கையில் பாட்டில், அதில் கிணற்றுத் தண்ணீர், மேலே இரண்டு கரண்டி பவுடர். குலுக்கியாகிவிட்டது. "சீக்கிரம் அளங்க அத்தான், பசி தாங்க மாட்டா."

ஆய்வகத்து அம்மாள் மேசைமேல் இயந்திரத்தை வைத்துவிட்டு, பூஜ்யத் தண்ணீர்க் கேனைச் சாய்த்தார். ஒரு சொட்டு விழுந்தது.

"கேன் காலி" என்றார். "தலைமை ஆய்வகத்துக்குப் போய்ட்டு வர எவ்வளவு நேரமாகும்?"

ஓட்டுநர் கேனை வாங்கிக்கொண்டு நேராகப் பலகைக்குக் கீழே போனார். கிணற்றுக் குழாயின் அடியில் கேனை வைத்து மோட்டாரைப் போட்டார். அத்தனை பேரும் தன்னையே பார்ப்பதைக் கண்டதும் விளக்கம் சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"எதுக்குங்க நாலு மணி நேரம் அலையணும்? மொதல்ல பழைய கேன் பாதி குறைஞ்சப்ப அதை நிரப்பினதும், போன வாரம் முழுக் கேன் பிடிச்சதும் இந்தக் கிணத்துலதான்."