உருண்டையின் ஒரே வார்த்தை

என்றும் என் மதிப்புக்குரிய அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே மூவரும் நலம். இரண்டு பேருக்கு நிம்மதி இல்லை, ஒருத்தனுக்குப் பேச்சு இல்லை. அத்தானின் முதுகுவலி தேவலையா?

விஷயம் இதுதான். நம் உருண்டைக்கு வரும் மாதம் இரண்டு வயது முடிகிறது. தடுப்பூசிக்குப் போன இடத்தில் டாக்டரம்மா, "எத்தனை வார்த்தை பேசுறான்?" என்று கேட்டார். நான் "ஒண்ணு" என்றேன். இவள் "அதுவும் சந்தேகம்" என்றாள். அந்த ஒன்று 'ப்பா'. அதை அவன் முதலில் சொன்ன அன்று நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடை முழுக்க இனிப்பு கொடுத்தேன். "என்னைத்தான் கூப்பிடுறான் டாக்டர்" என்றால், "ஃபேனையும் அப்படித்தான் கூப்பிடுறான், லிஃப்டையும், இஸ்திரிக்காரரையும்" என்று இவள் அடுக்குகிறாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "அவன் சொல்றதெல்லாம் ஒரு வாரம் எழுதிட்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்" என்றார். அப்புறம் எதைப் பார்ப்பார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஒரு நோட்டில் எழுதினோம். செருப்பைத் தூக்கிக்கொண்டு வந்து 'ப்பா' என்கிறான். நான் 'செருப்பு' என்று எழுத, இவள் அடித்துவிட்டு 'வெளியே போகலாம்' என்று எழுத, அதற்குள் செருப்பு என் மடியில் விழுகிறது. வார்த்தை ஒன்று, அர்த்தம் இருபத்து மூன்று! அவன் கேட்பதற்கு முன்னால் எதையும் கொடுக்காதீர்கள் என்றும் டாக்டரம்மா சொல்லியிருந்தார். அவன் தண்ணீரைக் காட்டினான், நான் மரம் மாதிரி நின்று, "என்ன வேணும்? சொல்லு" என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். பிறகு தானே டம்ளரை இழுத்துக் குடித்துவிட்டு, எனக்கும் ஒரு வாய் புகட்டினான். யாருக்கு யார் வைத்தியம் செய்கிறார்கள் என்றே புரியவில்லை.

காப்பகத்தில் வேறு குழப்பம். ஒரு ரெட்டைச் சடைக்காரியோடு முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து, அவள் முகத்தையே பார்க்காமல் மணிக்கணக்காகக் கட்டை அடுக்குகிறான். "யாரோடயும் பழக மாட்டேங்கிறானே" என்றேன். "இந்த வயசுல இதுதான் சார் பழகுறது" என்கிறார் டீச்சர். அப்படியானால் நானும் அத்தானும் உன் ஹாலில் பத்து வருடமாக ஆளுக்கொரு பேப்பரோடு உட்கார்ந்திருப்பதும் விளையாட்டுத்தானா? மறுநாள் அதே டீச்சர் போன் செய்து, "சார், பையன் வாயத் திறந்துட்டான்!" என்றார். கடையில் கண் சோதனைக்கு வந்த ஒருவரை ஒற்றைக் கண்ணை மூடியபடியே உட்கார வைத்துவிட்டு ஓடினேன். "என்ன சொன்னான்?" "சொல்லல சார். கடிச்சுட்டான்."

கடிபட்டவளும் கடித்தவனும் சாயங்காலமே மறுபடி முதுகோடு முதுகு!

அக்கா, மறைக்காமல் சொல்கிறேன். நேற்று இவள் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். கேட்டால் கண்ணில் சோப்பு என்றாள். நானும் சோப்பு என்றே வைத்துக்கொண்டேன். "அண்ணியை வரச் சொல்லுங்க" என்கிறாள். இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள் நீ. ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வா.

உனக்கும் அத்தானுக்கும் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முத்தம்.

ஒன்றும் புரியாத உன் தம்பி

பி.கு.: லீவு போடாதே. இன்று காலை உறையை ஒட்டப் போனபோது பின்னாலிருந்து, "என்னங்க! இங்க வாங்க!" என்று குரல். "இதோ வந்துட்டேன்மா" என்று எழுந்து போனால், இவள் மாடியில் துணி காயப்போடுகிறாள். அடுப்படி வாசலில் இடுப்பில் கைவைத்து நிற்கிறவன் உருண்டை! அப்போதிலிருந்து எனக்கு அதுதான் பேர். இவளே நோட்டில் 'என்னங்க' என்று எழுதி, எதிரே 'அப்பா' என்று அர்த்தமும் போட்டுவிட்டாள். ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவைக்கிறேன்: நீ வந்தால் 'அத்தை'யை எதிர்பார்க்காதே. உன்னை அவன் 'அண்ணி' என்றுதான் கூப்பிடுவான்.