சென்னியப்பனின் ஒரிஜினல் பாயிண்ட்

"அந்த வண்டியப் பொறந்த மேனியாக்கிப் பாக்காம நான் சாகமாட்டேன்" என்று சென்னியப்பன் அறிவித்தபோது, மனைவி சௌந்திரம் அரிந்துகொண்டிருந்த கத்தரிக்காயைக் கீழே வைத்தாள். அந்த வீட்டில் இப்போதெல்லாம் சாவைப் பற்றி யாரும் விளையாட்டுக்குப் பேசுவதில்லை.

போன மாசியில், கந்தம்பாளையம் ரோட்டில், தன் பழைய புல்லட்டில் போய்க்கொண்டிருந்த சென்னியப்பனுக்கு வலிப்பு வந்துவிட்டது. வண்டி தானாக ரோட்டை விட்டிறங்கி ஒரு மரவள்ளிக் காட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. நினைவு வந்தபோது அவருக்கு வாய் நிறைய மண். பின்னால், போர்வெல் போடுகிற ரிக் லாரி ஒன்று வந்திருந்தது. அதை ஓட்டியவன் தூங்காமல் பார்த்து, இறங்கி வந்து தூக்கியதால்தான் இவர் கண் விழித்தார்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸ் டாக்டர் தலை ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மாத்திரையை நிறுத்தக் கூடாது, கிணற்றோரம் போகக் கூடாது, பாத்ரூமில் தாழ்ப்பாள் போடக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது என்றார்.

முதல் மூன்றுக்கும் சென்னியப்பன் கட்டுப்பட்டார். குளிக்கும்போது பாடிக்கொண்டே குளிக்க வேண்டும் என்று சௌந்திரம் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தாள். பாட்டு நின்றால் கதவைத் தட்டுவாள். போர்வெல் வண்டி வைத்து மத்தியப் பிரதேசம் வரைக்கும் போய் ஊரூராகத் தண்ணீர் எடுத்துக் கொடுத்த மனிதர், இப்போது தன் தலையில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றப் பாட்டுப் பாட வேண்டியிருந்தது. வாய்க்குள் சோப்பு நுரை போனாலும் பாட்டை விடக் கூடாது.

டாக்டர் ரூம் வாசலில் பழக்கமான ஜலகண்டாபுரத்துத் தறிக்காரர் ஒருவர் இருந்தார். அவருக்கும் இதே சீக்கு. ஆடி மாதம் மொபெட்டில் நூல் வாங்கப் போனவர் வீடு திரும்பவில்லை. எழவுக்குப் போய்விட்டு வந்த சௌந்திரம் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து புல்லட்டையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் புல்லட்டைத்தான் இவர் இப்போது பிறந்த மேனியாக்குகிறேன், கம்பெனியிலிருந்து வந்தபடியே ஆக்குகிறேன் என்கிறார்.

"டாக்டர் ஓட்டத்தான கூடாதுன்னாரு. ரிப்பேர் பண்ணக் கூடாதுன்னு சொல்லுலயே" என்றார்.

"அதுஞ் செரிதானுங்க."

சென்னியப்பனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சண்டைக்குத் தயாராக வைத்திருந்த வார்த்தைகளெல்லாம் வீணாகிவிட்டன.

"செரிங்கறியா?"

"பண்றதைச் சுத்தமாப் பண்ணுங்க. அதுல இருக்கற எலெக்ட்ரானிக் பொட்டி ஒரிஜினல் இல்லீங்களாமா. மொதல்ல அதைக் கழட்டி வீசிப்போட்டு, அந்தக் காலத்துப் பாயிண்டையே போடுங்க. இல்லாட்டி அது புல்லட்டே இல்லீங்க."

இத்தனை வருசத்துக்குப் பிறகு பெண்டாட்டிக்கு வண்டி புரிந்துவிட்டதே என்று சென்னியப்பன் பூரித்துப்போனார். அங்கேயே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

பாயிண்ட் என்பது வேறொன்றுமில்லை. பழைய வண்டிகளில், இன்ஜின் பக்கவாட்டில் ஒரு சின்ன மூடிக்குள், இரண்டு உலோகப் பொட்டுகள் எதிரும்புதிருமாக இருக்கும். அவை தொட்டுத் தொட்டு விலகும்போதுதான் பிளக்கில் பொறி பறக்கும். புருசன் பெண்டாட்டி மாதிரி என்பான் மெக்கானிக் அங்கமுத்து. நடுவில் ஒரு தூசி, ஒரு சொட்டு எண்ணெய் பட்டால் போதும், பொறியும் கிடையாது, வண்டியும் கிடையாது. இந்தத் தொல்லை வேண்டாம் என்றுதான் ஊரே எலெக்ட்ரானிக் பெட்டிக்கு மாறியது.

சென்னியப்பன் ஊருக்கு எதிர்த்திசையில் போனார். பாயிண்ட், கண்டென்சர், காயில் எல்லாம் அந்தக் காலத்து அசலாகவே வேண்டும் என்று சேலத்திலும் நாமக்கல்லிலும் பழைய சாமான் கடைகளைக் குடைந்தார். எல்லாம் பஸ்ஸில்தான். பக்கத்து சீட்டில் சௌந்திரம், மாத்திரை டப்பாவோடு. கடைக்காரன் புதுச் சரக்கைத் தள்ளப் பார்த்தால், "இது ஒரிஜினல் இல்லீங்களே" என்று அவளே திருப்பிக் கொடுத்தாள்.

அவருக்குள் ஒரு ரகசியம் இருந்தது. வண்டி தயாரானதும் பரமத்தி வேலூர் வரை ஒரே ஒரு தடவை ஓட்டிப் போவது. காவிரிப் பாலத்தில் நிறுத்தி, கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவது. மாத்திரைதான் ஒழுங்காக உள்ளே போகிறதே. ஒண்ணும் ஆகாது. ஒண்ணும் ஆகாது என்பதை அவர் தினமும் காலை மாலை, மாத்திரையோடு சேர்த்தே விழுங்கிவந்தார்.

பாயிண்ட் மாட்டிய அன்று முதல் உதையிலேயே வண்டி பிடித்தது. தடதடவென்று அந்தச் சத்தம் வாசலை நிறைத்தபோது சென்னியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. சௌந்திரத்துக்கும்தான்.

மறுநாள் காலையில் உதைத்தார். மூச்சே இல்லை. மூடியைத் திறந்தால் பாயிண்ட் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு.

"சீல் போயிருக்குங்ணா" என்றான் அங்கமுத்து. "இன்ஜின் ஆயில் கசியுது."

சீல் மாற்றினார்கள். சாயங்காலம் ஓடியது. காலையில் எண்ணெய். வேறு சீல் மாற்றினார்கள். சாயங்காலம் ஓடியது. காலையில் எண்ணெய். பாயிண்டை மாற்றி, காயிலை மாற்றி, கடைசியில் வண்டி நிற்கும் திசையைக்கூட மாற்றிப் பார்த்தார். உதைத்து உதைத்து அவருடைய முழங்கால் பணியாரம் போல வீங்கிவிட்டது. சௌந்திரம் விளக்கெண்ணெயைச் சுடவைத்து, முகம் கோணாமல் தேய்த்துவிட்டாள்.

"வண்டி என்னுங்க சொல்லுது?"

"எண்ணெயாக் கக்குது."

"பழைய ஒடம்புங்க. அப்பிடித்தான் இருக்கும்" என்றாள், முழங்காலை நீவிக்கொண்டே.

ஒரு நாள் காலை நடைக்குப் போனவர், கோழிப்பண்ணை முக்கில் நாய்கள் மறித்ததால் பாதியில் திரும்பினார். வாசல் படல் ஓரம் வந்ததும் நின்றுவிட்டார்.

சௌந்திரம் புல்லட்டுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். ஊறுகாய் பாட்டில் மூடியைக்கூட அவரிடம் கொடுத்துத் திறக்கச் சொல்கிற சௌந்திரம், ஸ்க்ரூ டிரைவரால் பாயிண்ட் மூடியை நொடியில் கழற்றினாள். விளக்கெண்ணெய்க் கிண்ணத்தில் ஒரு கோழி இறகை முக்கினாள். பாயிண்ட் நடுவே, குழந்தைக்கு மை இடுகிற மாதிரி, ஒரே ஒரு தீற்று. மூடியை மாட்டி, முந்தானையால் துடைத்துவிட்டு, காப்பி போடப் போனாள்.

சென்னியப்பன் வீட்டுக்குள் போகவில்லை. நேராக அங்கமுத்துவின் பட்டறைக்குப் போனார்.

"டேய், உனக்குத் தெரியுமா?"

அங்கமுத்து ஸ்பேனரைப் பார்த்துக்கொண்டே பேசினான். "அக்கா ஆடி மாசமே வந்துச்சுங்ணா. எதைப் போட்டா வண்டி அடிக்கடி நின்னுபோகும்னு கேட்டுச்சு."

"நீ என்ன சொன்ன?"

"ஒரிஜினல்தானுங்ணா."

"அப்பறம் எதுக்குடா இத்தன சீல் மாத்துன?"

"நீங்கதான மாத்தச் சொன்னீங்க."

சென்னியப்பன் பட்டறை பெஞ்சில் உட்கார்ந்தார். கோபம்தான் வந்தது. ஆனால் அது இன்ஜினைப் போலவே, பிடிப்பதும் அணைவதுமாக இருந்தது. ஏமாற்றப்பட்டது கூடப் பெரிதில்லை. தன்னை இந்த அளவுக்கு நம்பாமல் போனாளே என்பதுதான் சுட்டது. நம்பாததும் சரிதான் என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. அந்தக் குரலை அடக்கிவிட்டு எழுந்தார்.

"கழட்டுன எலெக்ட்ரானிக் பொட்டிய எடு. அதுக்கு எண்ணெய் ஊத்துனாலும் ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஆகாதுங்ணா. ஆனா அக்கா..."

"அக்காகிட்ட மூச்சு உட்ட, நடக்கறதே வேற."

அடுத்த வெள்ளிக்கிழமை சௌந்திரம் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, சென்னியப்பன் பாயிண்டைக் கழற்றினார். அவ்வளவு அலைந்து தேடிய அசலைப் பழந்துணியில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டு, எலெக்ட்ரானிக் சமாச்சாரத்தை அதே மூடிக்குள் பொருத்தினார். கொள்கை போனால் போகிறது, வண்டி போக வேண்டும்.

சனிக்கிழமை காலை நடையை முடித்துவிட்டு வந்தவர், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கினார். முதல் உதை. பிடித்துக்கொண்டது. தடதடவென்று வாசலே அதிர்ந்தது. வெற்றியோடு ஏறி உட்கார்ந்து கிளட்சைப் பிடித்தார்.

பின் சீட் லேசாக அமுங்கியது.

சௌந்திரம். நல்ல சேலை கட்டியிருந்தாள். ஒரு கை அவர் தோளில் இருந்தது.

"போலாமுங்க" என்றாள்.

"நீ எறங்கு."

"எதுக்குங்க?"

"எறங்குன்னா எறங்கு, புள்ள."

"காலைல மூடியத் தொறந்தனுங்க. உள்ள பொட்டு ரெண்டையும் காணம்." அவள் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. "வண்டிக்குப் பொட்ட எடுத்துப்போட்டீங்க. எனக்கு எடுக்கறன்னிக்கு நான் பாத்துட்டு உக்காந்திருக்க முடியாதுங்க. அதான் கூடவே வாரேன். ஓட்டுங்க."

"ஒண்ணும் ஆகாது சௌந்திரம். மாத்திரை போட்டுக்கிட்டேன்."

"அப்பறம் என்னுங்க? ஆகாதுன்னா கூட்டிட்டுப் போங்க."

சென்னியப்பன் கியரைப் போட்டார். கிளட்சை விடவில்லை. தனியாக என்றால் அவரிடம் ஆயிரம் தைரியம் இருந்தது. பின்னால் அவள் பாரம் ஏறியதும் ஒன்றுகூட மிச்சமில்லை. எதிரே போகும் மண் லாரிகள் ஒவ்வொன்றும் பெரிதாகத் தெரிந்தன. ஒண்ணும் ஆகாது என்று இத்தனை நாள் விழுங்கியது அத்தனையும் பொய் என்று அவருடைய இடது கைக்குத் தெரிந்திருந்தது. அது கிளட்சை விட மறுத்தது.

நியூட்ரலுக்குக் கொண்டுவந்து சாவியைத் திருப்பினார். சத்தம் நின்றது. இருவரும் இறங்கவில்லை. அவர் முதுகில் அவள் நெற்றி சாய்ந்திருந்தது. சட்டை நனைந்தது.

"எங்க போகோணும்னு கெளம்புனீங்க?"

"வேலூர்ப் பாலத்துக்கு. சும்மா, ஆத்தப் பாக்கலாம்னு."

"அவ்வளவுதானுங்களா? என்கிட்டச் சொல்றதுக்கு என்னுங்க" என்று சௌந்திரம் இறங்கி உள்ளே போனாள். வீட்டுப் பக்கச் சந்திலிருந்து, கல்யாணமாகிப் போன மகள் சௌமியா விட்டுச்சென்ற ஸ்கூட்டி வெளியே வந்தது. ஓட்டிக்கொண்டு வந்தவள் சௌந்திரம். அவர் தினமும் காலை நடைக்குப் போன நேரங்களில், எண்ணெய் வைத்தது போக மிச்ச நேரத்தில், அங்கமுத்து அவளுக்கு ஸ்கூட்டி கற்றுக்கொடுத்திருந்தான்.

சென்னியப்பன் வேறு வழியில்லாமல் பின்னால் ஏறினார். வழியில் ஏதாவது ஆனால் விழுந்துவிடக் கூடாது என்று, சௌந்திரம் ஒரு நீளத் துண்டால் அவர் இடுப்பைத் தன் இடுப்போடு சேர்த்து இறுக்கிக் கட்டினாள். தெருவே பார்த்தது. இரண்டு காலையும் ஒரே பக்கம் போட்டு உட்கார்ந்திருந்தவர் கூச்சத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஏனுங்க" என்றாள் சௌந்திரம், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே. "ரெண்டு பக்கமும் காலப் போட்டு, ஆம்பளையாட்ட உக்காருங்க."