ஒரு துளியின் தனிமை, அல்லது பத்து நிமிடத்தில் குழாய்

இந்த மாதத்துக்குள் தம் வலைப்பூவுக்கு ஆயிரம் வாசகர்களைச் சேர்த்தே தீருவதென்று நம்மவர் கங்கணம் கட்டிக்கொண்டார். வீட்டைப் பழுது பார்ப்பது பற்றி எழுதுகிறவர். பார்க்கமாட்டார், எழுதுவார். சொட்டும் குழாயைப் பற்றி வாஷர் வரைக்கும் விளக்கிவிட்டு, ‘ஒரு துளியின் தனிமை’ என்று தலைப்பு வைத்தார். மூன்று பேர் படித்தார்கள். ஆபீஸிலிருந்து ஒரு தடவை, வீட்டிலிருந்து ஒரு தடவை என்று இரண்டு பேர் அவரே. மூன்றாவது, கெஞ்சிக் கேட்டுக்கொண்டதற்காக மச்சான்.

மனைவிக்கு ஆஸ்பத்திரியில் விசாரணைக் கவுண்டரில் வேலை. பதறிக்கொண்டு வருகிறவர்களுக்கு எந்த மாடி, எந்த அறை என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிச் சொல்லிப் பழகியவள்.

"தலைப்பைப் பார்த்ததும் என்ன வேலை, எவ்வளவு நேரம், யார் செய்யலாம்னு தெரிய வேண்டாமா?" என்றாள்.

"அது இலக்கியம். உனக்குப் புரியாது."

"எனக்குப் புரியலைன்னா பரவாயில்லை. குழாய் சொட்டுற வீட்டுக்காரனுக்குப் புரியணுமே."

வேண்டாவெறுப்பாக அவள் சொன்னதையே போட்டார்: ‘சொட்டும் குழாயைப் பத்தே நிமிடத்தில் நீங்களே சரிசெய்யலாம்.’ மறுநாள் எண்ணூறு பேர். நம்மவருக்குத் தலைகால் புரியவில்லை. வாரம் முழுக்க அவள் தலைப்பு தந்தாள், அவர் எழுதித் தள்ளினார். சரியாக மூடாத குளியலறைக் கதவு, ஆடும் நாற்காலி, அடைத்துக்கொண்ட பாத்திரத் தொட்டி. இத்தனையும் தம் வீட்டுச் சங்கதிதான் என்பது அவர் மண்டையில் ஏறவே இல்லை.

ஞாயிறு காலை, பேப்பரும் கையுமாகச் சாய்ந்திருந்தவர் மடியில் ஸ்பேனரை வைத்தாள்.

"பத்தே நிமிஷம்தான். எழுந்திருங்க."

"அது வாசகர்களுக்கு எழுதினதும்மா."

"நானும் வாசகிதான். நீங்களே சரிசெய்யறதைப் படம் எடுத்துப் போடச் சொல்லி நாற்பது பேர் கேட்டிருக்காங்க. இன்னைக்குப் போடறேன்னு உங்க பேர்ல பதிலும் எழுதிட்டேன்."

பாடுபட்டுச் சேர்த்த வாசகர்களை இழக்க மனசு வருமா? எழுந்தார். பத்து நிமிடக் குழாய் மத்தியானம் வரை சொட்டியது. சட்டை நனைந்து, விரல் நசுங்கி, சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் ஒரு வழியாக முடித்தார். அவள் ஒன்று விடாமல் படம் எடுத்தாள். இடுப்பு கழன்றுபோனாலும் அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"இதுக்கும் ஒரு தலைப்பு சொல்லு."

"சொல்றதென்ன, நான் புதுசா ஆரம்பிச்ச வலைப்பூவுல போட்டே முடிச்சாச்சு," என்று போனை நீட்டினாள்.

‘எழுதுவதோடு நிறுத்திக்கொள்ளும் கணவரை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வேலை வாங்குவது எப்படி: படங்களுடன்.’

தலைப்பு தெளிவாகத்தான் இருந்தது. அதற்குள் நாலாயிரம் பேர் படித்திருந்தார்கள்.