காதைத் திருகிய கமிட்டி

உலக சமாதானம் எங்கே உற்பத்தியாகிறது என்று யாராவது கேட்டால், வாஷிங்டனில் எங்கள் பொருளாதாரத் தடைத் துணைக் கமிட்டி கூடும் அறையைத் தயங்காமல் காட்டுவேன். காபி கொஞ்சம் சுமார்தான், மற்றபடி குறையில்லை. ஜர்மிஸ்தானின் ‘நிரந்தர அதிபரை’ நாங்கள் நடுங்கவைத்த வரலாற்றைச் சொல்லும் பாக்கியம், கமிட்டியின் செயலாளனான எனக்குக் கிட்டியிருக்கிறது.

அந்த மனிதர் தேர்தலில் தோற்றும் நாற்காலியை விட்டு இறங்கவில்லை. தன்னைக் கிண்டல் செய்து பாடியவர்களைச் சிறையில் தள்ளினார். எங்கள் தலைவர் செனட்டர் ஸ்டப்ஸ் மேசையைக் குத்தினார்.

“பேசிப் பேசிப் பாத்தாச்சு. இனிமே அந்த ஆளோட காதைத் திருகணும்!”

“கோதுமையை நிறுத்திடலாம்,” என்றார் செனட்டர் லோரெட்டா க்வின்.

ஸ்டப்ஸின் முகம் வெளுத்தது. அவருடைய மாநிலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமைதான். “பட்டினி போடுறது பாவம், லோரெட்டா. விமான உதிரி பாகத்தை நிறுத்துவோம்.”

“அது எங்க ஊர் ஃபாக்டரி!” என்றார் க்வின். “வானத்துல பறக்குற அப்பாவிங்க என்ன பண்ணுவாங்க?”

“அப்ப அவங்ககிட்ட எண்ணெய் வாங்குறதை நிறுத்துவோமா?”

“தேர்தல் வருதுங்க,” என்றார் இன்னொரு உறுப்பினர். “ பெட்ரோல் விலை ஏறினா ஜனங்க நம்ம காதைத் திருகிடுவாங்க.”

இப்படி மனிதாபிமானம் கரைபுரண்டு ஓடியதில், மதியச் சாப்பாட்டுக்குள் தடை செய்ய ஒன்றுமே மிஞ்சவில்லை. கடைசியில், எந்த உறுப்பினரின் மாநிலத்திலும் தயாராகாத ஒரு பொருள் அகப்பட்டது: காது கேட்கும் கருவி. அதை வைத்து அதிபரின் ஆட்கள் வேவு பார்க்கக்கூடும் என்று க்வின் கண்டுபிடித்தார். தடைத் தீர்மானம் தடையின்றி நிறைவேறியது.

அதிபருக்குக் காது நன்றாகவே கேட்டது. தடையை அவர் வாணவேடிக்கை விட்டுக் கொண்டாடினார். ‘நாட்டுக்கு ஆபத்து’ என்று சொல்லி, மிச்சமிருந்த பாடகர்களையும் உள்ளே தள்ளினார்.

எங்கள் கட்டடத்து உணவகத்தில் சூப் ஊற்றும் மோஹிரா அந்த நாட்டுக்காரி. ஒருநாள் கரண்டியை வைத்துவிட்டு என்னை மடக்கினாள்.

“என் தம்பி தல்கத் கல்யாணத்துல மேளம் அடிக்கிறவன், சார். காது மிஷின் பழுதாயிடுச்சு, புதுசு கிடைக்கல. போன வாரம் மாப்பிள்ளையும் பொண்ணும் ஊருக்கே கிளம்பிப் போயிட்டாங்க, இவன் அடிச்சுக்கிட்டே இருந்திருக்கான். இப்ப யாரும் அவனைக் கூப்பிடுறதில்ல. அவன் என்ன சார் தப்பு பண்ணான்?”

“தப்பில்லம்மா, இது கொள்கை. கஷ்டம் வந்தா ஜனங்களுக்குக் கோவம் வரும். கோவம் வந்தா புரட்சி வெடிக்கும். உன் தம்பியும் தெருவுல இறங்கணும்.”

“வெடிச்சா அவனுக்கு யாரு சார் சொல்றது?”

சிரிக்கிறாளோ என்று பார்த்தேன். சமையல் மேலங்கியின் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் சூப்பை மறந்து கமிட்டி அறைக்கு ஓடினேன். ஸ்டப்ஸிடம் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவர் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“கேட்டீங்களா, லோரெட்டா? வேலை செய்யுது! முதல் தடவையா அந்த நாட்டுல ஒருத்தனுக்கு வலிச்சிருக்கு!”

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. அதிபரைத் தவிர அங்கே இன்னும் யாருக்கெல்லாம் வலிக்கவில்லை என்பதை இப்போது ஆராய்ந்துகொண்டிருக்கிறோம்.