கூட்டுக்குடும்பம் சாரும் நீலப் பையும்

எழுபதுகளில் நடந்தது இது. ஆம்பூர்த் தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடையை ஆயுசு முழுக்கத் தாங்கியவர்கள்கூட, எங்கள் கல்லூரி விலங்கியல் சாரைப் பத்து நிமிடம் தாங்கியதில்லை. மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் கூட்டுக்குடும்பம். காரணம், சைபனோபோர் என்ற கடல் பிராணி.

நான் தமிழ் ஆசிரியன். ஓய்வறையில் டீயைக் கையில் எடுத்தால் போதும், எதிரே வந்து உட்காருவார்.

"ஒரே முட்டையிலேர்ந்து வருது சார். ஆனா மெதக்கறது ஒண்ணு, தின்றது ஒண்ணு, கொட்டறது ஒண்ணு. ஒவ்வொண்ணும் ஒரு ஜீவன். பிரிச்சா எதுவும் பொழைக்காது. இப்ப சொல்லுங்க, இது ஒண்ணா, நூறா?"

"இன்னா சார், ஜெல்லி மீன்தானே?"

அவ்வளவுதான். ஜெல்லி மீன் வேறு வகுப்பு, இது ஹைட்ராவின் வகுப்பு என்று ஆரம்பித்து, மணி அடித்த பிறகும் விடமாட்டார். மிதவைப் பை மட்டும் உள்ளவை, பையோடு நீந்த உதவும் மணி வடிவ உறுப்புகளும் உள்ளவை, அந்த மணிகள் மட்டும் உள்ளவை என்று அதில் மூன்று பிரிவு. ஒரு கல்யாணத்தில் பிரியாணி பரிமாற வந்தவரை நிறுத்தி மூன்றையும் விளக்கினார். எங்கள் பந்திக்குப் பிரியாணி வரவே இல்லை.

ஒருமுறை மாணவர்களை மெட்ராஸ் கடற்கரைக்கு அழைத்துப்போனோம். அவர் கரையில் பாடம் நடத்த, நான் தப்பித்து இடுப்பளவு தண்ணீருக்குப் போனேன். நீலப் பை ஒன்று, அடியில் நீளமான இழைகளோடு மிதந்து வந்தது. பழுக்கக் காய்ச்சிய கம்பியைக் காலில் சுற்றியது போலிருந்தது. விழுந்துவிட்டேன்.

அவர் பேண்ட், கடிகாரத்தோடு இறங்கினார். அது அவருடைய சைபனோபோர்தான்; என்ன செய்யும் என்று அந்தக் கரையில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். வெறுங்கையால் இழைகளைப் பிய்த்தார். அவை அவர் கழுத்திலும் மார்பிலும் ஒட்டின. அவருக்கு ஏற்கெனவே பலவீனமான இதயம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "ஜெல்லி மீன் கடி" என்று எழுதச் சொன்னார்.

"கடிக்கல டாக்டர், கொட்டிச்சு," என்றார் இவர், மூச்சு வாங்கியபடி. "ஜெல்லி மீனும் இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் என் பக்கம் திரும்பி, "கால் எரிச்சல் கம்மியாச்சா சார்?" என்றார். தலையாட்டினேன். சாயங்காலத்துக்குள் போய்விட்டார்.

அவர் மனைவி வேலூரில் நர்ஸ். வந்ததும் என்னைத் தனியே அழைத்தார்.

"கடைசியா இன்னா சொன்னாரு?"

"உங்களத்தான் கேட்டாரு."

நம்பினாரா, தெரியாது. குனிந்து, என் காலிலிருந்த கட்டைப் பிரித்து, புண்ணைத் துடைத்துப் புதிதாகக் கட்டிவிட்டார். அதுவரை நான் அழவில்லை.