மேலாளரின் தலை

காலை ஒன்பதே காலுக்கு மேலாளரின் தலையைக் காணவில்லை.

உடம்பு இருந்தது. தன் அறையில், தன் நாற்காலியில், ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. தலைமுடிகூட மேசை மேல் பத்திரமாக இருந்தது. நடுவில் இருக்க வேண்டிய தலை மட்டும் இல்லை. துணை மேலாளருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மீட்டிங் அறைக் கதவைச் சாத்தினார். நாற்பத்தாறு வயது உடம்பை மடக்கி, மேசைக்கடியில் தவழ்ந்து தேடினார். இரண்டு ஸ்டேப்ளர் பின்னும் போன வருஷத்து பிஸ்கட் தூளும் கிடைத்தன.

யாரும் போலீசுக்கு ஓட வேண்டாம். தலை பட்டாணி அளவுதான். மேலாளர் கட்டைவிரல் உயரம். அவர் உட்கார்ந்திருந்த அலுவலகம், கேரம் போர்டு அகலத்துக்குப் பிளாஸ்டிக் கட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாகச் செருகிக் கட்டியது. குளியலறைக் குழாய் விற்கும் கம்பெனி ஒன்றின் கிளை அலுவலகத்தை, கதவு கைப்பிடி வரைக்கும் விடாமல், பதினொரு மாதம் உட்கார்ந்து கட்டியவர் நம் துணை மேலாளர். கட்டியது வீட்டில். மாதிரிக்குப் பார்த்துக்கொண்டது வேலை நேரத்தில்.

எதிர்த்தெரு மண்டபத்தில் இன்றைக்குத்தான் கட்டை ரசிகர்களின் வருடாந்திர மாநாடு ஆரம்பம். வருஷத்தில் மூன்றே நாள், அவர் மனிதராக வாழ்வது அங்கேதான். கழுத்தில் அட்டை தொங்கும். அதில் அவர் பெயர் இருக்காது, 'எட்டுப்புள்ளி' என்று ஒரு கட்டையின் பெயர் இருக்கும். பல் டாக்டரும் பஸ் டிரைவரும் தோளோடு தோள் உரசி, ஒரு சாம்பல் நிறக் கட்டை பழைய சாம்பலா புதுச் சாம்பலா என்று மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். கட்டை மனிதர்களே நடித்து வந்த சினிமாவின் மூன்றாம் பாகத்தைப் பற்றிப் பேச்சு வரும். அந்தப் படத்தை அவர் ஐந்து தடவை பார்த்திருக்கிறார். கதை என்ன என்று கேட்டால் தெரியாது. வில்லன் சக்கரவர்த்தியின் அரண்மனையில் இடது தூணில் எத்தனை கட்டை என்று கேளுங்கள், சொல்வார்.

இந்த வருஷப் போட்டிக்குத் தலைப்பு, 'நான் வேலை செய்யும் இடம்'. மாலை ஐந்தரைக்குள் படைப்பைக் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அதனால்தான் காலை ஏழரைக்கே நண்பரின் வேனில் ஏற்றிவந்து, மீட்டிங் அறையில் இறக்கி, போர்வையால் மூடிவிட்டு டிபன் சாப்பிடப் போனார். அந்த அறையில் மீட்டிங் நடந்து வருஷம் இரண்டாகிறது.

உள்ளே பதினான்கு பேரும் இருந்தார்கள். கட்டை முகத்தில் கேட்டபடி அச்சடித்துத் தருகிற ஓவியர் ஒருவர் மாநாட்டு நண்பர். அவரிடம் ஒவ்வொரு முகமாகச் சொல்லிச் செய்து வாங்கியது. மேலாளருக்கு மட்டும் சினிமா வில்லன் சக்கரவர்த்தியின் உடம்பு. தொப்பை அச்சடித்த உடம்பு வேறு கிடைக்கவில்லை. மார்பில் மெடல் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

பதினைந்தாவது ஆள் அவர். ஆனால் பார்த்தால் தெரியாது. கட்டியவன் தன் பொம்மையை எல்லாரும் பார்க்கிற இடத்தில் வைக்கக் கூடாது, எங்காவது ஒளித்து வைக்க வேண்டும் என்பது மாநாட்டு வழக்கம். நடுவர்கள் முட்டி போட்டு, பேனா டார்ச் அடித்துத் தேடிக் கண்டுபிடிப்பார்கள். நம்மவர் தன்னை ஸ்டேஷனரி அலமாரிக்குள் நிறுத்திக் கதவைச் சாத்தியிருந்தார்.

ஒளிந்திருக்கிறவரால் இப்போது பிரச்சினை இல்லை. தலையில்லாத பொம்மை ஒன்று இருந்தாலும் போட்டியில் சேர்க்க மாட்டார்கள். வாசலில் ஷூ சத்தம் கேட்டது. மேலாளரின் முண்டத்தையும் முடியையும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார்.

"என்னய்யா இது?" என்றார் நிஜ மேலாளர். தலையோடுதான் வந்திருந்தார்.

பொம்மை பிடிக்காத மனுஷர். போன வருஷம் மேசையில் சின்னக் கார் பொம்மை வைத்திருந்த ஒருவரை, "பால் குடி மறந்துட்டீங்களா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டவர். துணை மேலாளர் முட்டியில் ஒட்டிய பிஸ்கட் தூளைத் தட்டினார்.

"தெரியல சார். நான் வந்தப்பவே இருந்தது."

அன்றைய முதல் பொய். நாள் முழுவதும் வட்டி போட்டு வளர்ந்த பொய்.

மேலாளர் குனிந்து பார்த்தார். முகம் மாறியது. இரண்டு வாரம் முன்பு தலைமையகத்திலிருந்து கடிதம் ஒன்று வந்திருந்தது. 'கிளையில் சில மாற்றங்கள் செய்யப்படும். எங்கள் பிரதிநிதி வெள்ளிக்கிழமை வருவார்.' இன்று வெள்ளிக்கிழமை.

"வந்துட்டாங்கய்யா," என்றார் மேலாளர், குரலைத் தாழ்த்தி. "ஆளுக்கு முன்னாடி பிளானை அனுப்பிட்டாங்க. இனிமே யார் எங்க உட்காரணும்னு இதுல இருக்கு." விரல் ஒவ்வொரு அறையாக நகர்ந்தது. தன் அறைக்கு வந்ததும் நின்றது. "என் நாற்காலி காலியா இருக்கே?"

"விழுந்திருக்கும் சார்."

"தலைமையகத்துல எதுவும் சும்மா விழாது."  மேலாளர் அப்படியே நாற்காலியில் சாய்ந்தார்.

அந்த மூஞ்சியைப் பார்க்கத் துணை மேலாளருக்கே பாவமாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் கட்டை அலுவலகத்துக்குள்ளே வரவேற்பாளர் பெண் நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். ஸ்டோர்கீப்பர் பெட்டி மேல் கால் நீட்டியிருந்தார். விற்பனைப் பிரிவில் மூன்று பேர் தூங்க, நான்காமவர் காவல் காத்தார். இதையெல்லாம் கட்டியது நான்தான் என்று சொல்லிவிட்டு இந்த அலுவலகத்தில் தண்ணீர் குடிக்க முடியுமா?

மேலாளர் முகம் கழுவப் போன நேரத்தில், துணை மேலாளர் தன் சாவிக்கொத்தில் தொங்கிய சினிமாப் பொம்மையின் தலையைப் பிடுங்கினார். முண்டத்தில் செருகி, முடியை மாட்டி, நாற்காலியில் உட்கார வைத்தார். இளித்த வாய். பரவாயில்லை.

திரும்பி வந்த மேலாளருக்கு உயிர் வந்தது. "இருக்கேன்! சிரிக்கிறேன்! மார்ல மெடல் வேற குத்தியிருக்காங்க, பார்த்தியா?" சந்தோஷம் தாங்காமல் வரவேற்பாளரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அவள் சும்மா இருந்திருக்கலாம். "அழகா இருக்கீங்க சார்," என்று முடியைத் தூக்கிப் பார்த்தாள். "ஐயோ, பின்னாடி இன்னொரு மூஞ்சி இருக்கே!"

இருக்கத்தான் செய்யும். சினிமாவுக்காக வந்த தலைகளில் முன்னால் ஒரு பாவனை, பின்னால் ஒரு பாவனை அச்சடித்திருப்பார்கள். இந்தத் தலைக்குப் பின்பக்கம், வாயைப் பிளந்து அலறுகிற முகம்.

"இப்ப சிரிக்கிறேன், அப்புறம் அலறப்போறேன்," என்றார் மேலாளர் மெதுவாக. "அதானே சொல்றாங்க?"

பத்தரைக்குள் அலுவலகம் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒவ்வொருவராகத் தண்ணீர் குடிக்கிற சாக்கில் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"நான் தூங்கறது அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் விற்பனைக்காரர்.

"கேமரா வெச்சிருக்கான்யா, கேமரா!" என்றார் ஸ்டோர்கீப்பர். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் காலைக் கீழே வைத்து உட்கார்ந்தார்.

கேமரா எங்கே என்று தேடுகிறார்களோ என்னவோ, வாசல் காவலாளிகூட உள்ளே வந்து அலமாரிகளைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். துணை மேலாளர் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை. அவர் கவலை, தலை.

பதினொன்றரைக்குப் போய்ப் பார்த்தால், அவர் அலுவலகமே அவருக்கு அடையாளம் தெரியவில்லை. வரவேற்பாளர் பொம்மை ஏசிக்குக் கீழே போயிருந்தது. விற்பனைக்காரர்கள் நால்வரும் ஜன்னலோரம். தபால் பிரிவுக்காரர் மேலாளர் அறைக்குள்ளேயே குடியேறியிருந்தார். அவருக்கும் ஸ்டோர்கீப்பருக்கும் எட்டு வருஷமாக ஆகாது. ஸ்டோர்கீப்பர் பொம்மை கட்டடத்துக்கு வெளியே, குப்பைத்தொட்டியில் தலைகீழாக நின்றது.

பதினொரு மாத உழைப்பு! பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாரையும் பழைய இடத்தில் உட்கார வைத்தார். அது இன்னும் வம்பாகப் போயிற்று.

"மறுபடியும் மாத்திட்டாங்க!" என்று அலறல் கேட்டது. "அரை மணிக்கு ஒரு உத்தரவு போடறாங்க!"

அதற்குள் பாதிப் பேர் பொம்மை இருந்த இடத்துக்கு நிஜ மேசையை இழுத்துப் போட்டிருந்தார்கள். இப்போது திரும்பவும் இழுத்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் மறுபடி யாரோ நகர்த்த, மறுபடி இழுத்தார்கள். இரண்டு மணிக்கு ஸ்டோர்கீப்பர் நாற்காலியோடு வாசல்படிக்கு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். "குப்பைத்தொட்டிக்குள்ள இறங்கச் சொன்னா மட்டும் முடியாதுங்க, முட்டி வலி," என்றார். குழாய் வாங்க வந்த ஒருவர் அவரிடமே விலை கேட்டு வாங்கிப் போனார். அன்றைய ஒரே வியாபாரம் அது.

மூன்று மணிக்குத் துணை மேலாளரின் மனைவி போன் செய்தாள். "உங்க பொம்மைக் கல்யாணம் முடிஞ்சுதா?"

"தலையைக் காணோம்."

"அது எனக்குக் கல்யாணத்தன்னிக்கே தெரியும்," என்று வைத்துவிட்டாள்.

நான்கு மணிக்கு மேலாளர் விரல் விட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார். பிறகு துணை மேலாளரின் தோளில் கை வைத்தார். அந்தக் கை பதினாறு வருஷத்தில் அந்தத் தோளுக்கு வந்ததே இல்லை.

"தம்பி, பதினாலு பேர் இருக்கோம். நீ இல்லையே."

 வரவேற்பாளர் மூக்கை உறிஞ்சினாள்.

"யாரோ ஒருத்தருக்கு ஆப்புன்னு தெரியும்," என்றார் மேலாளர். குரல் தழுதழுத்தது, ஆனால் முகத்தில் ஒரு தெளிவு. "அது நானா இருக்குமோன்னு காலையிலேருந்து செத்துப் பிழைச்சேன். நீயா இருக்கறது... வருத்தமாத்தான் இருக்கு."

உடனே பிரிவுபசாரம் ஆரம்பித்துவிட்டது. தபால் பிரிவுக்காரர் துணை மேலாளரின் அமைதியைப் புகழ்ந்தார். விற்பனைக்காரர் அவர் மேசை விளக்கை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். மணி நாலே முக்கால் ஆயிற்று. எதிர்த்தெருவில் மாநாட்டு ஒலிபெருக்கி, "படைப்புகளுக்கு இன்னும் நாற்பத்தைந்து நிமிடம்," என்றது.

அந்தக் குரலைக் கேட்டதும் அவருக்குள் ஏதோ அறுந்தது. மானம் போனால் போகட்டும், பதினொரு மாதம் போகக் கூடாது.

"சார், இது தலைமையகத்துப் பிளான் இல்ல. இது நான் கட்டினது. என் விளையாட்டுச் சாமான். போட்டிக்குக் கொண்டுபோறேன், வழி விடுங்க."

யாரும் அசையவில்லை. எல்லார் கண்ணிலும் இரக்கம்.

"அதிர்ச்சி," என்றார் தபால் பிரிவுக்காரர். "எங்க மாமாவும் வேலை போனப்ப இப்படித்தான், ரயில்வே ஸ்டேஷனே தன்னோடதுன்னார்."

"நிஜமா சார்! உங்க உடம்பு சினிமா வில்லனோடது! நான்தான் மாட்டினேன்!"

"தண்ணி குடு அவருக்கு," என்றார் மேலாளர். நான்கு விற்பனைக்காரர்களும் கட்டை அலுவலகத்தைச் சுற்றி நின்று காவல் காத்தார்கள். நால்வரும் ஒன்றாக விழித்திருந்து அன்றுதான் எல்லாரும் பார்த்தார்கள்.

துணை மேலாளர் அழுதுவிடுவார் போலிருந்தது. அழுதாலும் தப்பில்லை. பிரிவுபசாரத்தில் அழலாம்.

அப்போது காவலாளி கதவருகே வந்து நின்றார். சட்டையெல்லாம் ஒட்டடை. கையில் ஒரு கவர்.

"என்னய்யா?" என்றார் மேலாளர்.

"தலைமையகத்து ஐயா குடுத்தது சார்."

"வந்துட்டாரா? எங்கே?"

"காலையில எட்டு மணிக்கே வந்து பார்த்துட்டுப் போயிட்டார் சார். எதிர் மண்டபத்துல ஏதோ மாநாடு, வரிசையில முதல்ல நிக்கணும்னார்."

மேலாளர் கவரைப் பிடுங்கிக் கிழித்தார். பட்டாணி அளவில் ஏதோ ஒன்று மேசையில் விழுந்து உருண்டு, மல்லாந்து நின்றது. மீசை, கண்ணாடி, இடது கன்னத்து மச்சம். அவரேதான்.

"இது... என் தலை," என்றார் மேலாளர். "இதை ஏன் கழட்டினார்?"

காவலாளி தலையைச் சொறிந்தார்.

"போர்வையைத் தூக்கிட்டு, முட்டி போட்டு, பேனா டார்ச் அடிச்சு ஒரு மணி நேரம் பார்த்தார் சார். 'மத்தவங்க எல்லாம் அப்படியே இருக்கட்டும், இந்தத் தலை மட்டும் வேண்டாம்; அலமாரிக்குள்ள ஒருத்தர் ஒளிஞ்சிருக்கார், இந்த ஆபீஸை ஒழுங்காப் பார்த்த ஒரே ஆள் அவர்தான், கவரை அவர் கையில குடுத்து திங்கக்கிழமையிலேருந்து அந்த நாற்காலியில உட்காரச் சொல்லு'ன்னுட்டுப் போனார். நானும் காலையிலேருந்து எல்லா அலமாரியையும் திறந்து பார்த்துட்டேன், உள்ள ஒருத்தரும் இல்ல சார்!"